சட்டையில ஒட்டுன பார்வை

மொதப் பார்வை என் சட்டையில ஒட்டுனது மாசி மாசம் ஒரு செவ்வாக்கிழமை. ஒம்பதே கால் டவுன் பஸ்சை விட்டு எறங்கி, பட்டறைக்கு நடந்து போயி, வேலைச் சட்டை மாத்தலாம்னு போட்டிருந்ததைக் கழட்டுனப்பத்தான் பார்த்தேன்: முதுகுப் பக்கம் பதினெட்டு, முன்பக்கம் ஏழு, காலர் மடிப்புக்குள்ள ஒண்ணு, காட்டு வழியில போனா வேட்டியில ஒட்டுமே நாயுருவி, அது கணக்கா, ஆனா முள்ளு இல்ல, தொட்டா லேசான சூடு, லேசான ஈரம், கிட்ட வெச்சுப் பார்த்தா அதுவும் நம்மளையே பார்க்குது.

எனக்கு அதுல பெருசா ஆச்சரியம் இல்ல. நாப்பத்தி நாலு வருசமா ஊரு என்னைப் பார்த்துட்டு இருக்குது. மூணே முக்கால் அடி உசரத்துல ஒரு ஆம்பளை சாப்பாட்டுத் தூக்கோட நடந்து போனா யாரு பார்க்காம இருப்பாங்க. இத்தனை வருசத்துப் பார்வையும் எங்கதான் போய்ச் சேர்ந்துட்டு இருந்துச்சுன்னுதான் ஆச்சரியப்படணும்.

என் பேரு நல்லுசாமி. லாரிக்கு பாடி கட்டற பட்டறையில எழுத்து வேலை. கதவுக்குக் கீழ வர்ற எழுத்தை மத்த பெயிண்டருங்க குத்த வெச்சு எழுதணும், நான் நின்னுட்டே எழுதுவேன், அதனால அந்த ரோட்டுலயே முதுகு வலி இல்லாத பெயிண்டர் நான் ஒருத்தன்தான். சம்சாரம் அத்தாயி சாதாரண உசரம். மக கௌசிகாவுக்குப் பத்து வயசு, அவ என்னை மாதிரி. அஞ்சாவது வரைக்கும் தெருக்கோடிப் பள்ளிக்கூடம்; அங்க இருக்கறது எல்லாம் அவ தவழ்ந்த காலத்துல இருந்து கூட இருந்த புள்ளைங்க, அதுங்களுக்கு அவ வெறும் கௌசிகாதான். ஜூன் மாசம் ஆறாவது. ஆறாவதுக்கு டவுனுக்குள்ள பொண்ணுங்க பள்ளிக்கூடம் போகணும், பஸ்ல போகணும், முன்னப்பின்ன தெரியாத எண்ணூறு பேருக்கு நடுவுல போயி ஒக்காரணும். நானும் ஆறாவதுக்குப் போனவன்தான், ரெண்டு வாரம் போனேன், அதுக்கப்புறம் போகல. இருவத்தாறு வயசுலதான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல சேர்ந்து பத்தாவது முடிச்சேன்; அங்க வர்றவங்க எல்லாம் பகல் பூரா மூட்டை தூக்கிட்டு வந்து ஒக்காந்திருப்பாங்க, அடுத்தவனை வேடிக்கை பார்க்கக் கண்ணுல தெம்பு இருக்காது, படிக்கத் தோதான இடம். எம்மக பாதியில நிக்காம பகல்லயே படிச்சு முடிக்கணும், எனக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான்.

சரி, பார்வைக்கு வர்றேன். தின்னரு போட்டுத் தொடச்சேன், போகல. மண்ணெண்ணெய் போட்டேன், கண்ணைக் கண்ணைச் சிமிட்டுச்சே ஒழிய போகல. சாயங்காலம் அத்தாயிதான் என்னை வாசப்படியில ஒக்கார வெச்சு, பேன் பார்க்கற மாதிரி ஒண்ணொண்ணா எடுத்து மொறத்துல போட்டா.

"ஏனுங்க, இது என்னுங்க இப்படிப் பிசுபிசுங்குது?"

"அது பாவம் பார்த்தவங்களோடது. பாகு மாதிரி இருக்கும், சட்டுனு வராது."

"இது?"

"அது சிரிச்சவனோடது. ஓரம் குத்தும், பார்த்து எடு."

"இந்தச் சின்னது?"

"ஏதாவது கைக்குழந்தையோடதா இருக்கும். அதை எடுக்க வேண்டாம், ஒதறுனா விழுந்துடும்."

இப்படி அன்னிக்கு எடுத்தோம், அடுத்த நாளும் எடுத்தோம், அதுக்கடுத்த நாளும் எடுத்தோம், மொறம் நெறஞ்சு பழைய பெயிண்டு டப்பாவுல கொட்டி வெச்சோம், நாலாவது நாளு சாயங்காலம் டவுன் பஸ் கண்டக்டரு கருப்பண்ணன் அவரு மச்சான் கையைப் புடிச்சுட்டுத் தடவித் தடவி எங்க வீட்டுக்கு வந்தாரு. பதினோரு வருசமா நான் பஸ்ல ஏறுன ஒவ்வொரு நாளும் "அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா"ன்னு கேட்டு, பஸ் பூராத்தையும் ஒருவாட்டி திரும்பிப் பார்த்துச் சிரிக்க வெச்சுட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பாரு.

"நல்லு அண்ணே, என் பார்வை ஒண்ணு உங்ககிட்ட வந்துட்டு இருக்கும்போல."

"எப்படிச் சொல்றீங்க?"

"காலையில இருந்து எல்லாம் ஈரக் கண்ணாடிக்கு அந்தாண்ட இருக்கற மாதிரி இருக்குது. டிக்கெட்டு நம்பரு தெரியல. கடைசியாத் தெளிவாப் பார்த்தது உங்களைத்தான்."

அத்தாயி டப்பாவைக் கொண்டாந்து மொறத்துல கவுத்தா. கருப்பண்ணன் குனிஞ்சு தொழாவுனாரு.

"அரையா, முழுசா?"ன்னு கேட்டேன்.

அவரு சிரிக்கல. "முழுசாக் குடுங்கண்ணே, வேலைக்குப் போகணும்"னாரு.

எப்படிக் கண்டுபுடிப்பாங்கன்னு கேப்பீங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல முன்னூறு சோடி செருப்புக்குள்ள அவங்கவங்க செருப்பு அவங்கவங்களுக்குத் தெரியுதில்ல, அப்படித்தான். எடுத்து இமை மேல வெச்சுக்கிட்டா உள்ள போயிடும். கருப்பண்ணன் சொல்லி அடுத்த நாள் மூணு பேரு வந்தாங்க, அந்த மூணு பேரு சொல்லி முப்பது பேரு வந்தாங்க, சித்திரை பொறக்கறதுக்குள்ள எங்க வீட்டு வாசல்ல இருந்து மாவு மில்லு வரைக்கும் வரிசை நின்னுச்சு, வரிசைக்குப் பக்கத்துல ஒருத்தன் டீ வண்டி போட்டான், கண்ணு மங்குதுன்னு டாக்டர்கிட்டப் போனவங்களை அவரு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு "மருந்தெல்லாம் வேண்டாம், நல்லுசாமி வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னு அனுப்பி வெச்சாரு. செருப்பு மாதிரியேதான்னு சொன்னேனே, போறப்ப நல்லதாப் பார்த்து மாத்தி எடுத்துட்டுப் போனவங்களும் உண்டு. பென்சன் வாங்கற ஒரு பெரியவரு எவனோ காலேஜ் பையனோட பார்வையை எடுத்துட்டுப் போயி இப்ப கண்ணாடி இல்லாம பேப்பரு படிக்கறாரு, அந்தப் பையன் எங்க தட்டுத் தடுமாறறானோ.

ஒருத்தரும் மன்னிப்புன்னு கேக்கல. அவங்க விட்டுட்டுப் போன மாதிரி இல்ல, என்னமோ நான்தான் புடுங்கிட்டு வந்த மாதிரி வாங்கிட்டுப் போனாங்க.

"நாங்க சும்மாத்தானே பார்த்தோம், இதுக்குப் போயி" அப்படின்னாங்க.

"வெளிய வந்தா நாலு பேரு பார்க்கத்தான் செய்வாங்க, நீங்கதான் பெருசா எடுத்துக்கக் கூடாது" அப்படின்னாங்க.

வரிசையில நின்ன நேரத்துக்கு அத்தாயியைக் கூப்புட்டு, "ஏம்மிணி, உங்க மாமனாரு மாமியாரு சொந்தத்துல கட்டுனவங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்லீங்க, அசல்"னு அவ சொன்னா, "அப்புறம் எப்படி?"ன்னு அவகிட்டயே வெளக்கம் கேட்டாங்க. போற போக்குல என் தலையைத் தடவிக் குடுத்தவங்க உண்டு, நாப்பத்தி நாலு வயசு ஆளு தலையை. எல்லாத்தையும் விட ஒண்ணு: பார்வையை வாங்கி வெச்சுக்கிட்டு வாசப்படி எறங்கிப் போவாங்க, போயி, கௌசிகா ஜன்னலுக்கு அந்தாண்ட ஒக்காந்து எழுதறது கண்ணுல பட்டதும் ஒருவாட்டி திரும்பி நின்னு நல்லாப் பார்ப்பாங்க. நான் குறுக்கால போயி நின்னுக்குவேன். அது என் சட்டையில ஒட்டும். அடுத்த நாள் காலையில அவங்களே மறுபடி வரிசையில நிப்பாங்க.

அவ மேல ஒட்டுமா ஒட்டாதான்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கற அளவுக்கு நான் விட்டதில்ல.

பட்டறை ஓனரு பொங்கியண்ணன் இதை வேற மாதிரி யோசிச்சாரு. புது வண்டி ரோட்டுக்கு எறங்கறப்ப கண்ணு படாம இருக்க முன்னாடி பூசணிக்கா ஒடைப்போம், பின்னாடி நாக்கைத் தொங்கப் போட்ட பூதம் வரைவோம், அந்தப் பூதத்தையும் நான்தான் வரைவேன், இது ஊரு வழக்கம்.

"நல்லு, பூதத்து மேல என்னத்த ஒட்டுது? ஒண்ணும் ஒட்டறதில்ல. உன் மேலதான் ஒட்டுது"ன்னாரு.

"அதுக்கு?"

"உன் சட்டை ஒண்ணு குடு. வண்டிக்கு முன்னாடி கட்டி உட்டுடுவோம். எவன் கண்ணு பட்டாலும் அது வாங்கிக்கும்."

"ஏனுங்க ஓனரு, அது சட்டைக்கு ஒட்டலீங்க. அதைப் போட்டிருக்கற ஆளுக்கு ஒட்டுது."

"போட்டிருந்த சட்டைதானே? வாசம் இருக்கும்ல, போதும்."

மறுத்துப் பேசிப் பார்த்தேன். சொந்த உசரத்துல இருந்து மேல பார்த்துப் பேசறவன் பேச்சு ரொம்ப தூரம் எடுபடறதில்ல. ஆணியில தொங்குன சட்டையை எடுத்துட்டுப் போயிட்டாரு, அதுல அன்னிக்குக் காலையில ஒட்டுன நாப்பத்தி மூணு பார்வை அப்படியே இருந்துச்சு, அதை யாரும் யோசிக்கல, வண்டிக்கு முன்னாடி எலுமிச்சம்பழத்துக்கும் வேப்பலைக்கும் நடுவுல என் சட்டையைக் கட்டி, கற்பூரம் காட்டி, வெங்காய லோடு எடுக்க நாசிக்குக்கு அனுப்பிச்சுட்டாங்க.

வண்டி திரும்பி வர இருவத்தி ரெண்டு நாளாச்சு. அந்த இருவத்தி ரெண்டு நாளும் நாப்பத்தி மூணு பேரு சோத்துல கல்லு தெரியாம கடிச்சாங்க, பஸ்சு நம்பரு தெரியாம வேற ஊருக்குப் போனாங்க, ஒரு பொம்பளை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்ப காப்பியில உப்பைப் போட்டுக் குடுத்து அந்தச் சம்பந்தமே நின்னு போச்சு. டிரைவரு வந்து சொன்னான், ராத்திரியில வண்டி ஓட்டறப்ப சட்டை தன்னால படபடன்னு அடிச்சுக்கும், எதுக்க வர்ற வண்டியை எல்லாம் வெறிச்சு வெறிச்சுப் பார்க்கும், லைட்டே போட வேண்டியதில்லன்னான். ஊருல ஒருத்தரும் பொங்கியண்ணனை ஒண்ணும் சொல்லல. எல்லாரும் என்னைத்தான் சொன்னாங்க.

எங்க நகர் நலச் சங்கத் தலைவரு வையாபுரி ரேஷன் கடை வாசல்ல கூட்டம் போட்டாரு. என்னையும் கூப்புட்டு நாற்காலி போட்டு ஒக்கார வெச்சாங்க, கால் தரையில எட்டாத நாற்காலி. ஒரு மணி நேரம் பேசி முடிவு எடுத்தாங்க: இனிமே நல்லுசாமியை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தாத்தானே ஒட்டும், பார்க்காட்டிப் போனா ஒட்டாது. எதுக்கும் இருக்கட்டும்னு கௌசிகாவையும் சேர்த்துக்கிட்டாங்க.

"ஒரு போர்டு வெச்சுடலாம் நல்லு"ன்னாரு வையாபுரி. "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்க எழுத்துத்தான் தூரத்துல இருந்து படிக்கத் தெளிவா இருக்கும்."

"என்னன்னு எழுதணுங்க?"

"'இவ்வழியே வரும் நல்லுசாமி அவர்களையும் அவர்தம் மகளையும் பார்க்க வேண்டாம்.' மரியாதையாவே போட்டுடலாம்."

எழுதுனேன். மஞ்சள் அடிச்சு, கறுப்புல எழுதி, செவப்புல நெழல் குடுத்தேன். என் பேருக்குப் பின்னாடி 'அவர்கள்'னு ஒருத்தர் போட்டது பொறந்ததுல இருந்து அந்தப் போர்டுலதான். அத்தாயி அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. அது தப்புன்னு எனக்கும் தெரியாம இல்ல. பார்த்துப் பார்த்துப் புடுங்கி எடுக்கறதுல நாங்க அலுத்துப் போயிருந்தோம், கொஞ்ச நாளைக்குச் சும்மா இருக்கலாமேன்னு கை எழுதிடுச்சு.

ஊரு கட்டுப்பாட்டை அப்படியே கடைப்புடிச்சுது, தண்ணி வரி கட்டறதுல கூட அவ்வளவு ஒத்துமை பார்த்ததில்ல. நான் நடந்து வந்தா எதுக்க வர்றவங்க வானத்தைப் பார்த்தாங்க, பூமியைப் பார்த்தாங்க, போனை எடுத்துப் பார்த்தாங்க, பார்க்காம வந்து என் மேலயே மோதுனாங்க, மோதிட்டு கரண்டு கம்பத்துகிட்டச் சொல்ற மாதிரி "ஸ்ஸ்"ன்னுட்டுப் போனாங்க. மளிகைக் கடையில எனக்குப் பின்னாடி வந்தவன் வாங்கிட்டுப் போனான், அவனுக்குப் பின்னாடி வந்தவனும் வாங்கிட்டுப் போனான். கருப்பண்ணன் எங்க ஸ்டாப் வந்தா அந்தாண்ட ஜன்னலுக்குத் தலையைத் திருப்பிக்கிட்டு டபுள் விசில் குடுப்பாரு, பஸ் நிக்காமயே போயிடும். சட்டை சுத்தமா இருந்துச்சு. அத்தாயி சாயங்காலம் மொறத்தை எடுத்துட்டு வந்து ஒக்காருவா, எடுக்க ஒண்ணும் இருக்காது, எந்திரிச்சுப் போயிடுவா. பார்த்தப்பவும் நான் நல்லாயில்ல, பார்க்காதப்பவும் நல்லாயில்ல, மனுசனுக்கு என்னதான்டா வேணும்னு நானே என்னைக் கேட்டுக்குவேன்.

ஜூன் மாசம் வந்துச்சு. பஸ் நிக்கல, ரெண்டாவது பஸ்சும் நிக்கல, நானும் கௌசிகாவும் நடந்தோம், மத்தவங்க அரை மணியில போற தூரம் எங்க காலுக்கு முக்கா மணி. கேட்டுல நின்ன வாட்ச்மேன் மரத்தைப் பார்த்துட்டே "போங்க போங்க"ன்னாரு. பெரிய டீச்சரு நான் நீட்டுன அவ சர்டிபிகேட்டை மட்டும் பார்த்தாங்க. வகுப்புல இருக்கற நாப்பது புள்ளைங்களுக்கும் நாப்பது அம்மாவும் வீட்டுலயே சொல்லி அனுப்பியிருந்தாங்க, அந்தப் பொண்ணைப் பார்த்துடாத, கண்ணு போயிடும், அப்புறம் வரிசையில நிக்க எனக்கு நேரமில்லன்னு.

நாலாவது நாளு, வியாழக்கிழமை, திரும்பி வர்ற வழியில அவ சொன்னா.

"டீச்சரு ஒரு கேள்வி கேட்டாங்கப்பா. எனக்குத் தெரியும். கை தூக்குனேன்."

"ம்."

"போர்டைப் பார்த்துட்டே, 'யாருக்குமே தெரியாதா'ன்னு கேட்டாங்க. எந்திரிச்சு நின்னேன். 'சரி, யாருக்கும் தெரியல, நானே சொல்றேன்'னாங்க."

நான் அவ பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டேன்.

"நான் சொல்ல வந்ததையேதான்பா அவங்களும் சொன்னாங்க."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"நாளைக்கு ஒரு நாள் போறேன். திங்கக்கிழமையில இருந்து போகல."

"சரி கண்ணு"ன்னேன்.

வீட்டுக்கு வந்து அத்தாயிகிட்டச் சொன்னேன். அடுப்பை நிறுத்திட்டு வந்து நின்னா. "சரின்னு சொல்றதுக்கா அப்பன் கூடப் போறது?"ன்னா.

"வேற என்னத்தைச் சொல்லச் சொல்றே?"

"போர்டு எழுதத் தெரிஞ்சுதில்ல. இதுக்கு மட்டும் வார்த்தை வரலியா?"

அவ சொன்னது நியாயம். ஆறாவதுல ரெண்டு வாரம் முடிஞ்சு நான் போகலன்னப்ப எங்கப்பனும் சரின்னுதான் சொன்னாரு, அவரு அந்தச் சரியைச் சொன்ன மூஞ்சி எனக்கு இன்னைக்கும் கண்ணுல இருக்குது, பாரத்தை எறக்கி வெச்ச ஆளு மூஞ்சி. என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்னிக்கு எனக்குத் தூக்கமும் வரல, வார்த்தையும் வரல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கேட்டுல போயி நின்னேன். எல்லாப் புள்ளைங்களும் என்னைப் பார்க்காம என்னைச் சுத்திப் போச்சுங்க, தண்ணி கல்லைச் சுத்திப் போற மாதிரி. கடைசியாத்தான் கௌசிகா வந்தா. ஒரு பக்கத்து ரிப்பன் அவுந்து தொங்குது, மூஞ்சி செவந்து கெடக்குது, வேகமா நடந்து வர்றா.

"என்ன ஆச்சு கண்ணு?"

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்"னா. வழி பூரா பல்லைக் கடிச்சுட்டே வந்தா, எனக்கு எட்டிப் புடிக்க மூச்சு வாங்குச்சு.

வீட்டுக்குள்ள பையை வீசிட்டு, அத்தாயி குடுத்த தண்ணியைக் குடிச்சுட்டுச் சொன்னா.

"ஜெசிந்தான்னு ஒருத்தி. ஜன்னலோரம் நான் போயி ஒக்காந்தேன். 'ஏய், எந்திரி, அது என் எடம்'னா."

"உன்னைப் பார்த்தா சொன்னா?"ன்னு கேட்டேன்.

"பின்ன? மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு. முட்டைக் கண்ணுப்பா அவளுக்கு. உன் பேரு எழுதியிருக்கான்னு கேட்டேன். 'நேத்தே பை வெச்சேன்'னா. பை வெச்சா எடமா, அப்ப வாசல்ல ஒரு பையை வெச்சுட்டுப் பள்ளிக்கூடமே என்னுதுன்னு சொல்லுவியான்னேன். ரிப்பனைப் புடிச்சு இழுத்தா. நானும் இழுத்தேன். பெல்லு அடிக்கற வரைக்கும் விடல."

அவங்கம்மா சொல்லி அனுப்பியிருக்க மாட்டாங்களான்னு யோசிச்சேன். சொல்லியிருப்பாங்க, சொன்னதைக் கேக்கற ரகம் இல்ல போல.

அத்தாயி அவ பக்கத்துல ஒக்காந்தா. குரலை எறக்கிக் கேட்டா, "உன்னை என்னன்னு சொல்லித் திட்டுனா அம்மிணி?"

"திமிரு புடிச்சவன்னா."

"வேற?"

"பிசாசுன்னா."

"வேற ஏதாச்சும் சொன்னாளா?"

"வேற என்னம்மா சொல்லுவாங்க? திமிரு புடிச்ச பிசாசு. அவ்வளவுதான்."

நானும் அத்தாயியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்புறம் அவ கௌசிகாவை வெளிச்சத்துக்குக் கூட்டிட்டுப் போயி நிக்க வெச்சு, பினோபார்ம் மடிப்பு ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தா, காலரைத் திருப்பிப் பார்த்தா, அவுந்த ரிப்பனை உருவி ரெண்டு பக்கமும் பார்த்தா, பெல்லு அடிக்கற வரைக்கும் மூஞ்சிக்கு நேரா ஒருத்தி அத்தனை நேரம் பார்த்திருக்கா, கொறஞ்சது ஒரு மொறமாவது வரணும். ஒண்ணு கூட இல்ல. எம்மக மேல பட்ட பார்வை வந்த வேலையை முடிச்சுட்டு அந்தப் புள்ளையோடவே திரும்பிப் போயிடுச்சு. அத்தாயி இத்தனை வருசமா என்னைப் பார்க்கறா, அதுல ஒண்ணு கூட என் சட்டையில ஒட்டுனதில்லன்னு எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

"என்னத்தைத் தேடறீங்க ரெண்டு பேரும்?"ன்னா கௌசிகா.

"ஒண்ணுமில்ல."

"அப்ப விடுங்க. அப்பா, திங்கக்கிழமை ஏழு மணிக்கே கெளம்பணும்."

"திங்கக்கிழமையில இருந்து போகலன்னியே?"

"அவ ஏழே முக்கா பஸ்சுல வருவா. நமக்கு பஸ் நிக்காது. ஏழு மணிக்கு நடந்தா அவளுக்கு முன்னாடி போயிடலாம். போயி ஒக்காந்துக்குவேன், அப்புறம் எவ எழுப்பறான்னு பார்க்கறேன்."

"சரி கண்ணு"ன்னேன். இந்தத் தடவை அத்தாயி அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஆறு மணிக்கே இட்லி வெக்கணும், அதுக்கு இப்பவே ஊறப் போட்டாத்தான் ஆகும்னு படியை எடுத்து அரிசி அளக்க ஆரம்பிச்சுட்டா. நடுவுல சனியும் ஞாயிறும் ரெண்டு நாள் இருக்குதுங்கற நெனப்பே அவளுக்கு இல்ல, நானும் சொல்லல.